பாறையினூடு பாயும் நீரும் எக்சுக் கதிர்களும்

உலக வழக்கிற் கல் என்னுஞ் சொல் திண்மைக்கும் இறுக்கத்துக்கும் உவமையாய் நிற்பது. இரக்கமற்றவனைக் கல்நெஞ்சன் என்பர். அசைவற்று நிற்பவனைக் கல்லாய்ச் சமைந்தான் என்பர். ஆயின், புவிச்சரிதவியலாரின் கண்ணுக்குக் கல் அத்துணை மூடிய பொருளன்று. மணற்கல், சுண்ணாம்புக்கல் முதலிய படிவுப்பாறைகள் பலவற்றில், மணிக்கும் மணிக்கும் இடையே எண்ணிறந்த நுண்டுளைகள் உள. ஒரு மணற்கல்லின் கனவளவில் நூற்றுக்கு இருபது பங்கு வெற்றிடமாயிருத்தல் அரிதன்று. அத்தகைய கல்லின் ஒரு கனமீற்றர் இருநூறு இலீற்றர் நீரைத் தன்னகத்தே கொள்ள வல்லது. வற்றாத ஆறொன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு நீர் பெறுவதும், மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் மாரி மழையை உறிஞ்சித் தன்னுள் வைத்துக் காப்பதனாலேயாம். உலகம் இதுகாறும் அகழ்ந்தெடுத்த எண்ணெயிற் பெரும்பகுதியும் குகைகளிலோ ஏரிகளிலோ கிடந்ததன்று. பாறையின் நுண்டுளைகளிலே கிடந்ததாகும்.

இங்ஙனம் மனித வாழ்வுக்கு இன்றியமையாத பாய்பொருள்கள் கல்லினுள்ளே உறைந்தும் நகர்ந்தும் வரினும், அவை எவ்வாறு நகர்கின்றன என்பதை நெடுங்காலம் எவருங் கண்டிலர். கல் ஒளிபுகாப் பொருள். அதனை உடைத்துப் பார்க்கின் உள்ளிருந்த நீர் சிதறிவிடும். உடையாது பார்க்கின் ஒன்றுந் தோன்றாது. இவ்விடர்ப்பாட்டை எக்சுக் கதிர்கள் எவ்வாறு நீக்கின என்பதும், அதனால் எவ்வுண்மைகள் வெளிப்பட்டன என்பதும் அறியத்தக்கன.

பாறையினூடும் மணலினூடும் நீர் பாய்தலை முதன்முதல் அளவறிந்து ஆராய்ந்தவர் பிரான்சிய பொறியியலாளர் என்றி டார்சி என்பவராவர். தாம் பிறந்த தீஜோன் நகருக்கு நன்னீர் வழங்கும் பணியிலே தம் வாழ்நாளிற் பல ஆண்டுகளைச் செலவிட்ட அவர், மணல் நிரப்பிய நிலைக்குத்துக் குழாயினூடு நீரைச் செலுத்திப் பல பரிசோதனைகள் நடத்தி, அவற்றின் முடிபை 1856 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்புக்கும், அதன் இருமுனைகளிலுமுள்ள நீர்மட்ட வேறுபாட்டுக்கும் நேர்விகிதமாகவும், மணற்படையின் நீளத்துக்கு நேர்மாறு விகிதமாகவும் நீர் பாய்கின்றது என்பதே அவர் கண்ட விதி. இவ்விகிதத்திலே தோன்றும் மாறிலி, பொருளுக்குப் பொருள் வேறுபடுவது. அது பாறையின் ஊடுபுகவிடுமியல்பையும் பாயும் பொருளின் பிசுக்குமையையும் பொறுத்தது.

டார்சியின் விதி இன்றும் வழுவாது பயன்படுகின்றது. எனினும் அதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். குழாயின் ஒரு முனையிற் புகுவதும் மறுமுனையில் வெளிவருவதுமே அங்கு அளக்கப்படுவன. இடையில் நிகழ்வது கணக்கிற் சேர்வதில்லை. ஒரே பாய்பொருள் நுண்டுளைகள் முழுவதையும் நிரப்பி நிற்கும்போது இக்குறை பெரிதாய்த் தோன்றாது. எண்ணெயை நீர் தள்ளும்போதும், நீரை வாயு தள்ளும்போதும், அஃதாவது ஒன்றோடொன்று கலவாத இரு பாய்பொருள்கள் ஒரே துளைக்காகப் போட்டியிடும்போதுமே இடர் எழுகின்றது. எது எவ்வழியே செல்லும், எது எங்கே சிறைப்படும் என்பவற்றை முனைகளில் வைத்த அளவுகோல் கூறமாட்டாது. ஆராய்ச்சியாளர் கண்ணாடி மணிகளை அடுக்கி மாதிரிகள் செய்தனர். பாறையை மெல்லிய தகடாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் நோக்கினர். உருகிய உலோகத்தைத் துளைகளிற் செலுத்தி உறையவிட்டும் பார்த்தனர். இவையாவும் பயனுடையனவே. ஆயினும் மெய்யான பாறையில், மெய்யான ஓட்டம் நடைபெறும்போதே அதனைக் காணும் வழி இவற்றுள் ஒன்றுமில்லை.

அவ்வழிக்கான வித்து வேறோர் இடத்தில் ஊன்றப்பட்டது. 1895 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆந் தேதி ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரிலே வில்லெம் றொன்ட்ஜன் என்னும் பௌதிகப் பேராசிரியர், ஒளிபுகாப் பொருள்களையும் ஊடுருவிச் செல்லும் புதிய கதிர்களைக் கண்டறிந்தார். இன்னதென அறியப்படாமையின் அவற்றுக்கு எக்சுக் கதிர் எனப் பெயரிட்டார். 1901 ஆம் ஆண்டில் முதன்முதல் வழங்கப்பட்ட பௌதிக நோபல் பரிசு அவரையே சார்ந்தது.

எக்சுக் கதிர் ஒரு பொருளினூடு செல்லுங்கால் அதன் செறிவு குறைந்துகொண்டே வரும். ஒரு சதமமீற்றர்த் தடிப்புள்ள பொருள் கதிரைப் பாதியாக்குமெனின், இரண்டு சதமமீற்றர் நாலில் ஒன்றாகவும், மூன்று சதமமீற்றர் எட்டில் ஒன்றாகவும் குறைக்கும். இக்குறைவு பொருளின் அடர்த்தியையும், அதிலடங்கிய அணுக்களின் அணுவெண்ணையும் பொறுத்தது. அணுவெண் உயர உயர உறிஞ்சலும் விரைந்து உயரும். எலும்பிலுள்ள கல்சியத்தின் அணுவெண் 20. தசையிற் பெரும்பாலும் உள்ளன ஐதரசன், காபன், ஒட்சிசன் என்னும் இலேசான மூலகங்களே. எலும்பின் நிழல் தசையின் நிழலினின்றும் பிரிந்து தோன்றுவது இதனாலேயாம். இதே நியாயம் பாறைக்கும் பொருந்தும். கல்சியமும் சிலிக்கனும் நிறைந்த கனியமணிகள் கதிரை மிகுதியாய் உறிஞ்ச, துளையிலுள்ள நீரும் வாயுவும் குறைவாய் உறிஞ்சும்.

ஆயின், ஒரு நிழற்படத்தால் மட்டும் பாறையின் உள்ளமைப்பு விளங்காது. முன்னுள்ள மணியின் நிழலும், நடுவிலுள்ள துளையின் நிழலும், பின்னுள்ள மணியின் நிழலும் ஒன்றன்மேலொன்று படிந்து மயங்கும். இம்மயக்கத்தை நீக்கும் உபாயம், பல திசைகளிலிருந்து நிழல்களை எடுத்து அவற்றைக் கணிதமுறையால் ஒன்றுசேர்த்தலே. போதிய திசைகளில் எடுத்த நிழல்களிலிருந்து மூலவுருவை மீளப்பெறலாம் என்பதைக் கணிதவியலார் யொகான் ராடன் 1917 ஆம் ஆண்டிலேயே நிறுவினார். எக்சுக் கதிரைக் கொண்டு அதனை நிறைவேற்றும் முறையை அலன் கோமாக் 1963, 1964 ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் விளக்கினார். அவரை அறியாமலே இங்கிலாந்திற் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் கருவியொன்றை அமைத்தார். 1971 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் தேதி இலண்டன் வைத்தியசாலையொன்றில் நோயாளி ஒருவரின் மூளை அக்கருவியாற் படம்பிடிக்கப்பட்டது. இருவரும் 1979 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மனிதவுடலை வெட்டாது அதன் உள்ளே காட்டிய கருவி, கல்லையும் உடையாது காட்டுமென்பதை உணர்ந்தோர் தாமதியாது அதனைக் கையாண்டனர். 1980 ஆம் ஆண்டுகளில் எண்ணெய்க் கம்பனிகளின் ஆய்வாளர், துளையிட்டெடுத்த உருளைவடிவப் பாறைத்துண்டுகளை நோயாளர் கிடக்கும் படுக்கையிலே கிடத்திப் படமெடுத்தனர். நீர் எண்ணெயைத் தள்ளிச்செல்லும் முகப்பு நேர்கோடாக நகராது, விரல் நீட்டினாற்போல ஆங்காங்கே முந்திச்செல்வதையும் இதனாற் காணமுடிந்தது. எனினும் மருத்துவக் கருவி பிரித்தறியும் எல்லை மில்லிமீற்றர் அளவினது. பாறையின் துளைகளோ மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு, ஆயிரத்திலொரு பங்கு என்னும் அளவின. காட்டைக் காட்டிய கருவிக்கு மரங்களைக் காட்ட இயலவில்லை.

இக்குறையை நிறைவுசெய்தது நுண்படப்பிடிப்பு முறை. இங்கு கருவி பாறையைச் சுற்றுவதில்லை. சில மில்லிமீற்றர் விட்டமுள்ள பாறைத்துண்டே கதிரின் முன் மெல்லச் சுழலும். சுழலச்சுழல எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான நிழல்களைக் கணினி ஒன்றுசேர்த்து, பாறையின் முப்பரிமாணப் படத்தை அமைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஆயிரங் கூறுகள் கொண்ட ஒரு படத்தில் நூறு கோடிச் சிறு கனங்கள் அடங்கும். ஒவ்வொரு கனத்துக்கும் உறிஞ்சலைக் குறிக்கும் எண்ணொன்று உண்டு. இன்ன எண்ணுக்கு மேற்பட்டன மணி, கீழ்ப்பட்டன துளை என எல்லை வகுத்தபின், துளைகளின் வடிவும் அவற்றை இணைக்குங் கழுத்துகளின் அகலமும் கணக்கிடப்படும். இலத்திரன்களை ஒளியின் வேகத்துக்கு அண்மித்த வேகத்தில் வட்டமாகச் சுழற்றும் சிங்குரோத்திரன் என்னும் பெரும்பொறிகள், சாதாரண எக்சுக் கதிர்க் குழாய்களினும் பன்மடங்கு செறிந்த கதிரைத் தருதலால், படமெடுக்குங் காலமும் மணிக்கணக்கிலிருந்து செக்கன் கணக்குக்குச் சுருங்கிற்று.

ஈண்டு ஒரு நுட்பம் நோக்கற்பாலது. நீரும் எண்ணெயும் இலேசான மூலகங்களாலாயினவாதலின், எக்சுக் கதிரின் முன் அவை ஏறத்தாழ ஒரு தன்மையனவாய்த் தோன்றும். அவற்றைப் பிரித்தறிதற்பொருட்டு நீரிலே பொற்றாசியம் அயடைட்டைக் கரைப்பர். அயடீனின் அணுவெண் 53 ஆதலால், அது கலந்த நீர் கதிரை நன்கு உறிஞ்சி எண்ணெயினின்றும் வேறாய்த் தோன்றும். உலர்ந்த பாறையை முதலிலும், அயடைட்டு நீர் நிரம்பிய அதே பாறையைப் பின்னரும் படமெடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், பாறை மறைந்து நீர் மட்டும் எஞ்சும். நோயாளிக்கு நிறமூட்டும் மருந்தேற்றிக் குருதிக்குழாய்களைப் படமெடுக்கும் வைத்தியரின் முறையும் இதுவேயாம்.

இனி இக்கருவிகள் காட்டிய காட்சிக்கு வருவோம். ஒடுங்கிய குழாயினுள் நீர் தானே மேலேறுவதை மாணவர் ஆய்வுகூடத்திற் கண்டிருப்பர். பரப்பிழுவிசையால் நிகழும் இம்மயிர்த்துளைத்தன்மை, குழாயின் ஆரை குறையக் குறைய வலுக்கும். பத்து மைக்கிரோமீற்றர் ஆரையுள்ள துளையில் நனைந்து நிற்கும் நீரை வாயு வெளியேற்ற வேண்டுமாயின், ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயர நீர் தரும் அமுக்கம் வேண்டும். ஒரு மைக்கிரோமீற்றர் ஆரையெனின் பதினைந்து மீற்றர் உயர நீரின் அமுக்கம் வேண்டும். பாறையின் வழியோ ஒரே அகலமுடைய குழாயன்று. அகன்ற அறைகளும் அவற்றை இணைக்கும் ஒடுங்கிய கழுத்துகளும் மாறிமாறி அமைந்தது. எனவே உட்புகும் எண்ணெய் ஒரு கழுத்தின் வாயிலில் தடைப்பட்டு நிற்கும். அமுக்கம் உயர்ந்து கழுத்தைக் கடந்ததும், அப்பாலுள்ள அகன்ற அறையில் அத்துணை அமுக்கம் வேண்டாமையின், அது ஒரே பாய்ச்சலில் அறையை நிரப்பிவிடும். மண்ணின் ஈரத்தை ஆராய்ந்த ஹெயின்ஸ் என்னும் அறிஞர் 1930 ஆம் ஆண்டில் இதனை விளக்கினமையால், இப்பாய்ச்சலுக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று.

எண்பது ஆண்டுகளாக ஊகத்தாலும் கண்ணாடி மாதிரிகளாலும் அறியப்பட்டிருந்த இந்நிகழ்ச்சி, சுவிற்சர்லாந்திலுள்ள சிங்குரோத்திரன் நிலையத்தில் மெய்யான மணற்கல்லினுள்ளே கண்டறியப்பட்டது. ஏறத்தாழப் பதினேழு செக்கனுக்கு ஒன்றாக முப்பரிமாணப் படங்களை எடுத்த ஓர் ஆய்வுக்குழு, தன் முடிபுகளை 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒரு பாய்ச்சலில் ஓர் அறையே நிரம்பும் என்பது பழைய எண்ணம். படங்களோ, ஒரே நிகழ்ச்சியில் பத்து முதல் இருபது அறைகள் வரை தொடர்ந்து நிரம்புவதைக் காட்டின. பாய்ச்சல் ஒவ்வொன்றும் பதினேழு செக்கனினும் மிக விரைவில் முடிவதாதலால், ஒரு படத்தில் வெறுமையாயிருந்த இடம் அடுத்த படத்தில் நிரம்பியிருக்கக் காணப்பட்டது. செலவாகும் சத்தியில் நூற்றுக்கு அறுபத்துநான்கு பங்கு இப்பாய்ச்சல்களிலேயே ஒழிகின்றது என்றும் அக்குழு கணித்தது. வெளியே நின்று அளப்போனுக்கு அமைதியான ஓட்டமாய்த் தோன்றுவது, உள்ளே தயங்கித் தயங்கித் தாவும் ஓட்டமே என்பது இதனாற் புலனாயிற்று.

பாய்ச்சலினும் பெரிய விளைவுடையது மற்றொரு நிகழ்ச்சி. எண்ணெய் நிரம்பிய பாறையில் நீர் மீண்டும் புகும்போது, அது மணிகளின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய படலமாய்ப் பரவும். படலம் தடித்து ஒடுங்கிய கழுத்துகளில் ஒன்றுகூடும்போது, அங்கே எண்ணெயின் இழை அறுபடும். அறுபட்ட எண்ணெய், நாற்புறமும் நீர் சூழ்ந்த தனித்தனிக் குமிழிகளாய் அறைகளிற் சிறைப்படும். பின்னர் எவ்வளவு நீரைச் செலுத்தினும் நீர் பக்கவழியாற் போய்விடுமன்றிக் குமிழி எளிதில் அசையாது. இக்குமிழிகளின் எண்ணிக்கை, பருமன், வடிவு ஆகியவற்றை எக்சுக் கதிர்ப் படத்தில் ஒன்றொன்றாய் எண்ணி அளக்கலாம்.

இச்சிறைப்பாடு ஒன்றே மூவிடத்து மூவகைப் பயன் தருதல் வியப்புக்குரியது. எண்ணெய் அகழ்வோனுக்கு இது நட்டம். கிணற்றில் நீரைச் செலுத்தித் தள்ளிய பின்னும் எண்ணெயிற் பெரும்பங்கு பாறையிலேயே தங்கிவிடுகின்றது. வளிமண்டலத்தைக் காக்க முயல்வோனுக்கோ இதுவே பாதுகாப்பு. நோர்வேக்கு அப்பால் வடகடலிலுள்ள சிலைப்னர் என்னுமிடத்தில், இயற்கைவாயுவினின்றும் பிரித்தெடுத்த காபனீரொட்சைட்டு 1996 ஆம் ஆண்டு முதற் கடலடி மணற்படையுட் செலுத்தப்பட்டது. முதற் பல ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் அங்ஙனம் புதைக்கப்பட்டது. புதைத்தது மேலெழுந்து வெளியேறாதோ என்னும் ஐயம் இயல்பானதே. மேலுள்ள களிப்பாறை அதனைத் தடுக்கும் மூடியாகும்; அதனோடு, நுண்டுளைகளில் அறுபட்ட குமிழிகளும் மூடியின் துணையின்றியே அசையாது நிற்கும். நிலத்தின் ஆழத்து வெப்பத்தையும் அமுக்கத்தையும் சிறு பாத்திரத்துள் உண்டாக்கி, இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் சுண்ணாம்புக்கல்லில் எடுத்த படங்கள், காபனீரொட்சைட்டு இங்ஙனம் சிறைப்படுவதைக் கண்கூடாகக் காட்டின.

மூன்றாவது இடம் குடிநீர்க் கிணறு. நிலத்திற் சிந்திய எண்ணெய் கீழிறங்கி நிலத்தடி நீர்மட்டத்தின்மேல் மிதக்கும். மாரியில் நீர்மட்டம் உயரும், கோடையில் தாழும். தாழும்போது எண்ணெயும் உடனிறங்கிப் புதிய துளைகளிற் புகும். உயரும்போது நீர் அதனை அறுத்துக் குமிழிகளாக்கி அங்கேயே விட்டுவிடும். கிணற்றை இறைத்தால் மிதக்கும் எண்ணெய் ஓரளவு நீங்கலாம். சிறைப்பட்ட குமிழிகள் நீங்கா. அவை பல்லாண்டு காலம் சிறிது சிறிதாய்க் கரைந்து நீரை மாசுபடுத்தும். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததென எழுந்த முறைப்பாடு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019 ஆம் ஆண்டிலே தீர்ப்புப் பெற்றதைப் பலரும் அறிவர். வழக்கிற்குத் தீர்ப்பு ஒருநாளில் வரலாம். ஆயின், பாறையினுட் புகுந்த எண்ணெய்க்கு ஒருநாளிற் கழுவாய் இல்லை என்பதையே இவ்வாராய்ச்சி உணர்த்துகின்றது.

இம்முறையின் குறைகளையும் மறைத்தலாகாது. நுண்ணிய துளையைக் காண விரும்புவோன் சிறிய துண்டையே எடுத்தல் வேண்டும். இரண்டாயிரங் கூறுகள் கொண்ட படத்தில் இரண்டு மைக்கிரோமீற்றரைக் காணவேண்டுமாயின், துண்டின் அகலம் நான்கு மில்லிமீற்றரை விஞ்சலாகாது. மைல் கணக்கில் விரிந்த பாறைக்கு அத்துண்டு எத்துணை சான்றாகும் என்னும் வினா எஞ்சி நிற்கும். களிமண்ணுட் பொதிந்த, ஒரு மைக்கிரோமீற்றரினுங் குறைந்த துளைகள் படத்தில் மங்கலாய்க் கலந்துவிடும். மணியென்றும் துளையென்றும் வகுக்கும் எல்லையெண்ணைச் சிறிது மாற்றினும் கணிப்பு மாறும். மறுபுறம், யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லில் நுண்டுளைகளேயன்றி, நீர் கரைத்து உண்டாக்கிய பிளவுகளும் குகைவழிகளும் உள. இவற்றினூடு நீர் விரைந்தோடுமாதலின், நான்கு மில்லிமீற்றர்த் துண்டு அவற்றைப்பற்றி யாதுங் கூறாது. ஆகவே எக்சுக் கதிர்ப் படம் கிணற்றுமட்ட அளவையையும், நீரின் இரசாயனப் பரிசோதனையையும், டார்சியின் விதியையும் விலக்குவதன்று; அவற்றுக்கு உட்பொருள் காட்டுவதேயாம்.

குடாநாட்டின் நன்னீர், கடலிலிருந்து ஊறிய உவர்நீரின்மேல் வில்லையாக மிதப்பது. நன்னீரினும் உவர்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கே அடர்த்தி மிக்கதாதலின், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரை நிற்குமென்பது கணக்கு. மேலே ஒரு மீற்றரை இறைத்து இழப்போர் கீழே நாற்பது மீற்றரை இழக்கும் நிலைக்கு நெருங்குகின்றனர். இத்துணை மெல்லிய சமநிலையில் நிற்கும் நீரை உண்டு வாழ்வோர், அது தங்கியிருக்கும் கல்லின் இயல்பை அறியாதிருத்தல் தகாது. றொன்ட்ஜன் தம் கதிருக்கு அறியப்படாததன் பெயரை இட்டார். அக்கதிர் இன்று கல்லினுள்ளே காட்டும் பாடம் எளியது: பாறை எதனையும் எளிதிற் கைவிடுவதில்லை. மழையைக் கொடுத்தால் மழையை வைத்துக் காக்கும். நஞ்சைக் கொடுத்தால் நஞ்சையும் வைத்துக் காக்கும். எதனைக் கொடுப்பதென்பது நிலத்தின்மேல் வாழ்வோர் கையிலேயே உள்ளது.